நல்லன் என்பதும் வினையே

நடுவண் அரசு அலுவலகங்களில் பணியாற்றும் நம்மவர்க்குப் ‘பிரபோத்’, ‘பிரவீண்’, ‘பிராக்ஞ’ என்னும் மூன்று இந்தித் தேர்வுகள் புதியன அல்ல. எழுத்தராகப் பணியில் சேர்ந்த புதிதில், அலுவலக நேரத்திலேயே நடைபெற்ற அவ்வகுப்பில், தலை நரைத்த மூத்தவர்களோடு நானும் பள்ளிச் சிறுவனைப்போல் குறிப்பேடும் கையுமாக அமர்ந்ததுண்டு. ஒருநாள் ஆசிரியர் பத்து ஆங்கில வாக்கியங்களைக் கொடுத்து இந்தியில் பெயர்க்கச் சொன்னார். ‘இந்தப் புத்தகம் நல்லது’, ‘அந்த வீடு பெரியது’ என்பன போன்று பொருள்களின் பண்பைக் கூறும் எளிய வாக்கியங்களே அவை. நான் ‘யஹ் கிதாப் அச்சீ’ என்று எழுதி, வாக்கியம் முடிந்ததென்று எண்ணி அடுத்ததற்குச் சென்றேன். குறிப்பேடு திரும்பி வந்தபோது பத்தில் எட்டு இடங்களில் சிவப்பு மையால் வட்டம் இடப்பட்டிருந்தது. ‘ஹை எங்கே?’ என்பது ஒவ்வொரு வட்டத்தின் அருகிலும் இருந்த வினா. என் பக்கத்தில் இருந்த கேரள நண்பர் ஓரிடத்திலும் அதனை விடவில்லை. ‘உங்கள் மொழியில் இதற்கு வினைச்சொல்லே கிடையாதோ?’ என்று ஆசிரியர் நகைத்தவாறு கேட்டார். வகுப்பும் நகைத்தது. அவர் பகைமையோடு கேட்கவில்லை. ஆயினும் அன்று எனக்கு விடை தெரியவில்லை என்பது உண்மை.

இளங்கலைப் பட்டம் பெற்றவன், தமிழை ஒரு பாடமாகக் கற்றவன், தன் மொழியில் ‘நல்லது’ என்னும் சொல் எவ்வகைச் சொல் என்று கேட்டால் வாய் அடைத்து நின்றேன். அந்த வெட்கமே என்னை மீண்டும் இலக்கண நூல்களின் பக்கம் திருப்பியது. ஆங்கிலத்தில் ‘இஸ்’ என்றும், இந்தியில் ‘ஹை’ என்றும், மராத்தியில் ‘ஆஹே’ என்றும் வழங்கும் அந்தச் சிறு வினைக்குத் தமிழில் நேர்ச்சொல் ஏன் இல்லை? அஃது ஒரு குறைதானா? பல்லாண்டுகள் கழித்து, அந்த வகுப்பறை வினாவுக்கு யான் கண்ட விடையை இச்சிறு கட்டுரையில் அன்பர்கள் முன் வைக்கின்றேன்.

‘இஸ்’ஸின் குடிவழி

ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் வினைகளுள் தலையாயது ‘இஸ்’. ஒருவரின் குணத்தையோ ஒரு பொருளின் நிறத்தையோ கூற வேண்டுமாயின் அம்மொழியார்க்கு இவ்வினையின்றி வாய் திறக்க இயலாது. இதன் குடிவழி மிகப் பழையது. வடமொழியின் ‘அஸ்தி’, இலத்தீனின் ‘எஸ்ட்’, கிரேக்கத்தின் ‘எஸ்தி’, பாரசீகத்தின் ‘அஸ்த்’, செருமானியத்தின் ‘இஸ்ட்’ ஆகிய யாவும் இதன் உடன்பிறப்புகள். கல்கத்தாவில் 1786ஆம் ஆண்டு சர் வில்லியம் ஜோன்ஸ் இம்மொழிகளின் உறவை எடுத்துரைத்தபின் இவ்வொப்புமை உலகறிந்த செய்தியாயிற்று. ‘அஸ்தி’ என்றால் ‘உண்டு’ என்பது பொருள். கடவுள் உண்டு என்பவன் ஆத்திகன், இல்லை என்பவன் நாத்திகன் என்று நாம் அன்றாடம் வழங்கும் சொற்களுக்குள் மறைந்திருப்பதும் இந்த ‘அஸ்தி’யே.

இன்னொரு வியப்பும் உண்டு. ஆங்கிலம் இந்த ஒரு வினையை மூன்று வேர்களிலிருந்து ஒட்டுப் போட்டுக்கொண்டது. நிகழ்காலத்து ‘இஸ்’ ஒரு வேர். ‘பி’ என்னும் அடிச்சொல் வேறொரு வேர். இறந்தகாலத்து ‘வாஸ்’ மூன்றாவது வேர். இவற்றுள் ‘பி’ என்பது வடமொழியின் ‘பூ’ என்னும் வினையடிக்கு உறவு. ‘வாஸ்’ என்பது தங்குதலைக் குறிக்கும் ‘வஸ்’ என்னும் அடிக்கு உறவு. மாட்டுங்காவின் தெருக்களில் நடந்து செல்லும் அன்பர்கள் பழைய கட்டடங்களின் நெற்றியை நோக்குக. ஒன்றில் ‘பவன்’ என்றும் அடுத்ததில் ‘நிவாஸ்’ என்றும் பொறித்திருக்கும். முன்னதில் ‘பி’யின் உறவும் பின்னதில் ‘வாஸ்’ஸின் உறவும் குடியிருக்கின்றன. ஆங்கிலேயன் தன் இலக்கணத்தில் சுமந்து திரியும் வேர்களை நாம் வீட்டுப் பெயர்ப்பலகையில் எழுதி வைத்திருக்கின்றோம்!

மேலைநாட்டுத் தருக்க நூலார் இவ்வினையின்மேல் ஒரு கொள்கையையே எழுப்பினர். எழுவாய் ஒன்று, பயனிலை ஒன்று, இரண்டையும் பிணைக்கும் தளையாக ‘இஸ்’ ஒன்று என மூன்று உறுப்பு இருந்தாலன்றி ஒரு கூற்று நிரம்பாது என்பது அவர்தம் எண்ணம். இதனை அடியொற்றியே, தளை இல்லாத மொழி குறையுடைய மொழி என்னும் கருத்து சிலரிடம் வேரூன்றியது. ஆனால் உருசிய மொழி நிகழ்காலத்தில் இத்தளையை விடுகின்றது. அரபு மொழியும் அவ்வாறே. வடமொழியிலும் ‘அஸ்தி’யைக் கூறாது விடுதல் பெருவழக்கு. எனவே இல்லாமை தமிழுக்கு மட்டும் உரியதன்று. தமிழில் நாம் நோக்கத்தக்கது வேறொன்று. அதனை இனிக் காண்போம்.

தொல்காப்பியர் கண்ட வினை

வினைச்சொல் என்பது வேற்றுமை உருபை ஏற்காது, காலத்தோடு தோன்றுவது என்று தொல்காப்பியர் வினையியலின் தொடக்கத்திலேயே வரையறுத்தார். அவ்வளவில் நில்லாது, அவ்வினையை வெளிப்பட நிற்பது என்றும் குறிப்பாக நிற்பது என்றும் பகுத்தார். ‘வந்தான்’ என்பதில் செயலும் வெளிப்படை, காலமும் வெளிப்படை. ‘கரியன்’ என்பதிலோ செயல் எதுவும் இல்லை. காலம் காட்டும் இடைநிலையும் இல்லை. ஆயினும் இதுவும் வினையே என்பது அப்பெருமகனார் துணிபு. இதற்கு வினைக்குறிப்பு என்று பெயர். பிற்காலத்தார் குறிப்பு வினை என்பர்.

இதனை ஏன் பெயர் என்னாமல் வினை என்றனர்? ‘அவன் கரியன்’ என்னும்போது ‘கரியன்’ வாக்கியத்தை முடித்து நிற்கின்றது. அவ்விடத்து அஃது ஐ, கு முதலிய உருபுகளை ஏற்பதில்லை. ‘கரியனைக் கண்டேன்’ என்று உருபு ஏற்குமாயின் அப்போது அது பெயர். வாக்கிய முடிவில் நிற்கும்போது வினை. ஒரே வடிவம் நிற்கும் இடத்தால் இரு தொழில் புரிகின்றது.

இன்னும் வலுவான சான்று உண்டு. ‘வந்தேன், வந்தாய், வந்தான்’ என்று வினை இடந்தோறும் விகுதி மாறுவதுபோலவே பண்புச்சொல்லும் மாறுகின்றது. நான் நல்லேன், நாம் நல்லேம், நீ நல்லை, நீர் நல்லீர், அவன் நல்லன், அவள் நல்லள், அவர் நல்லர், அது நன்று, அவை நல்ல. இந்த ஒன்பது வடிவங்களையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டுகின்றேன். ஆங்கிலத்தில் ‘குட்’ என்னும் சொல் எவ்விடத்தும் மாறாது அசையா மரமாய் நிற்க, அதனைச் சுமக்கும் துணைவினையே இடத்துக்கேற்ப மாறுகின்றது. தமிழிலோ சுமப்பார் எவரும் வேண்டியதில்லை. பண்பே எழுந்து நடக்கின்றது. எழுவாயைக் கூறாது விட்டாலும் ‘நல்லை’ என்ற அளவில் முன்னிலையில் நிற்பவன் ஒருவன் என்பது விளங்கிவிடுகின்றது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியார் இதனை மேலும் செப்பம் செய்தார். பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்னும் ஆறனடியாகக் குறிப்பு வினை பிறக்கும் என்றார். குழையன், அகத்தன், ஆதிரையான், செங்கண்ணன், கரியன், கடுநடையன் என்று பள்ளியில் மனனம் செய்த எடுத்துக்காட்டுகள் பலர்க்கும் நினைவிருக்கும். ஒருவனுடைய காதணி, அவன் இருப்பிடம், அவன் பிறந்த நாள், அவன் கண், அவன் நிறம், அவன் நடை ஆகிய எதுவாயினும் தமிழில் ஒரு விகுதி பெற்று அவனைப் பற்றிய முழுக் கூற்றாகிவிடும்.

ஆங்கிலத்து ‘இஸ்’ஸுக்கு உள்ள மற்றொரு பொருளான ‘உண்டு’ என்பதும் நம்மிடம் எவ்வகையில் நிற்கின்றது என்று நோக்குக. அன்மை, இன்மை, உண்மை, வன்மை என்னும் பொருள்களில் வருவனவற்றையும் தொல்காப்பியர் வினைக்குறிப்பாகவே கொண்டார். அல்லன், இலன், உளன், வல்லன் என்பன அவை. ஆகவே இருத்தலைச் சொல்லும் ‘உளன்’ என்பதும் ‘நல்லன்’ என்பதும் தமிழில் ஓரினம். இந்தி ஆசிரியர் கேட்ட ‘ஹை’ எங்களிடம் இல்லாமற் போகவில்லை. அது பண்பின் வயிற்றுக்குள்ளேயே இருந்தது.

குறிப்பால் உணரும் காலம்

இனி, இக்கட்டுரையில் யான் முதன்மையாகக் கூற விழையும் செய்திக்கு வருகின்றேன். குறிப்பு வினையும் வினையாயின் அதற்கும் காலம் உண்டு. ஆனால் அக்காலம் சொல்லில் இல்லை. கேட்போன் குறிப்பால் உணர்ந்துகொள்ள வேண்டும். உரையாசிரியர்கள் ‘பண்டு’ என்றும் ‘இப்பொழுது’ என்றும் சொற்களைக் கூட்டி இதனை விளக்குவர். ‘பண்டு’ கூட்டினால் கரியன் என்பது இறந்தகாலம்; ‘இப்பொழுது’ கூட்டினால் அதே சொல் நிகழ்காலம். இரண்டும் கூட்டாவிடில்? அப்போது இடமும் சூழலும் கேட்போன் உள்ளமுமே காலத்தைத் தீர்மானிக்கும். படிக்கும் காலத்தில் இதனை வெறும் இலக்கண நுணுக்கம் என்றே எண்ணியிருந்தேன். அதன் உண்மையை எனக்கு உணர்த்தியது ஒரு தந்தி.

அப்போது 1986ஆம் ஆண்டு. எனக்கு ஏழு வயது. சுனாபட்டியில் ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். ஊரின் பெயரைப் பற்றி ஒரு சொல். மராத்தியில் ‘சுனா’ என்பது சுண்ணாம்பு. ‘பட்டி’ என்பது சூளை. சுண்ணாம்புச் சூளைகள் இருந்தமையால் வந்த பெயர். சூளைகள் மறைந்தன, பெயர் நிலைத்தது. ஆனால் நெல்லைச் சீமையிலிருந்து வந்த என் பாட்டியார்க்கு அது கோவில்பட்டியைப் போல் மற்றுமொரு பட்டி. ‘இங்கேயும் ஒரு பட்டியிலேதான் குடிவைத்தான் முருகன்’ என்பார்.

ஒரு மாலை தந்திச் சேவகர் வந்தார். ஊரிலிருந்து சிற்றப்பா அனுப்பிய தந்தி. மேல்வீட்டில் இருந்த படித்தவர் ஒருவர் பிரித்துப் படித்தார். ‘பாதர் சீரியஸ். ஸ்டார்ட் இம்மீடியட்லி.’ தந்திக்குச் சொல் ஒவ்வொன்றுக்கும் காசு. ஆகவே அங்கே ஆங்கிலமும் தன் ‘இஸ்’ஸைத் துறந்து தமிழைப்போல் நின்றது. படித்தவர் அதனைத் தமிழில் ‘உங்கள் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை’ என்றார். என் தந்தையார் உடனே பயணத்துக்குப் பணம் புரட்டுவது பற்றிப் பேசத் தொடங்கினார். அடுப்பங்கரை ஓரத்தில் அமர்ந்திருந்த என் தாய்வழிப் பாட்டியார், எழுத்தறியாதவர், தலையை உயர்த்தி ஒரே ஒரு வினாவைக் கேட்டார்.

‘எப்பவாம்?’

‘எப்படி இருக்கிறாராம்?’ என்று அவர் கேட்கவில்லை. காலத்தைக் கேட்டார். என் தந்தையார் சினந்து, ‘சீரியஸ் என்றுதான் போட்டிருக்கிறது, அத்தை’ என்றார். பாட்டியார் மறுமொழி கூறவில்லை. எழுந்து சென்று விளக்கை ஏற்றினார்.

தாதரில் ஏறி, சென்னையில் இறங்கி, எழும்பூரில் மீட்டர்கேஜ் வண்டிக்கு மாறி, மூன்றாம் நாள் ஊர் சேர்ந்தோம். எல்லாம் முடிந்திருந்தது. தந்தி கொடுப்பதற்கு முன்பே தாத்தாவின் உயிர் பிரிந்துவிட்டது என்பதை அங்கே அறிந்தோம். நெடுந்தொலைவில் இருக்கும் மகனுக்கு இறப்பைத் தந்தியில் எழுத எவர்க்கும் மனம் வருவதில்லை. ஆகவே அக்காலத்தில் ‘சீரியஸ்’ என்னும் ஒரு சொல்லால் முடித்துவிடுவர். அச்சொல்லுக்குக் காலம் இல்லை. கேட்போனே காலத்தைக் கண்டுகொள்ள வேண்டும். ஆங்கிலம் அறிந்தவர் அதனை நிகழ்காலமாகப் படித்தார். எழுத்தறியாத என் பாட்டியார் அதனை இறந்தகாலமாகப் படித்தார். குறிப்பு வினையை அவர் இலக்கண நூலில் கற்கவில்லை. அந்த மொழிக்குள்ளேயே வாழ்ந்து கற்றிருந்தார்.

தந்திச் சேவை 2013 ஜூலையில் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. அச்செய்தியை நாளிதழில் படித்தபோது ‘எப்பவாம்?’ என்னும் அந்தக் குரல் என் காதில் ஒலித்தது.

நூலாகி நின்ற குறிப்பு வினை

இக்குறிப்பு வினை இலக்கண ஏட்டில் மட்டும் வாழ்ந்ததன்று. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் இன்னா நாற்பது, இனியவை நாற்பது என இரண்டு உண்டு. கபிலர் பெயரால் வழங்கும் முன்னது, உலகில் துன்பம் தருவனவற்றை அடுக்கிச் சென்று ‘இன்னா’ என்னும் சொல்லை மீண்டும் மீண்டும் முடிபாகக் கொள்கின்றது. பூதஞ்சேந்தனார் இயற்றிய பின்னது ‘இனிது’ என்னும் சொல்லை அவ்வாறே கொள்கின்றது. ‘இன்னா’, ‘இனிது’ இரண்டும் குறிப்பு வினைகளே. ஆங்கிலத்தில் ‘இஸ்’ஸைப் பன்முறை அடுக்கி ஒரு நூல் செய்தால் செவி சலிக்கும். தமிழில் அதே இடத்தில் ஓசையும் பொருளும் ஒன்றாய் வந்து விழுகின்றன. கொடியது எது, இனியது எது, பெரியது எது, அரியது எது என்று முருகன் வினவ ஔவை விடையிறுத்ததாக நாட்டில் வழங்கும் கதையும் குறிப்பு வினைகளால் ஆன உரையாடல்தானே!

தன்மை இடத்து வடிவங்கள் பேச்சிலிருந்து மறைந்தபோதும் பக்தி அவற்றை விட்டுவிடவில்லை. அடியேன், சிறியேன், எளியேன், பாவியேன் என்று இறைவன்முன் நிற்கும்போது நம் நா தானாகவே பழைய விகுதியைத் தேடிச் செல்கின்றது. ‘நான் சிறியவன்’ என்பது தன்னைப் பற்றிய செய்தி. ‘சிறியேன்’ என்பது தாழ்ந்து நிற்கும் செயல். பண்பைச் சொல்லுதல் ஒரு வினை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மேலை அறிஞர் நோக்கு

தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர் இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் செருமனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று. இலத்தீன் இலக்கணத்தின் சட்டகத்தில் தமிழைப் பொருத்திக் காட்டும் முயற்சி அது. அச்சட்டகத்தில் பெயரடைக்கு ஓர் அறை உண்டு. பெயருக்கு ஓர் அறை உண்டு. வினைக்கு ஓர் அறை உண்டு. ‘நல்லன்’ போன்ற சொல்லை எந்த அறையில் வைப்பது?

இவ்வினாவை ஆழமாக ஆராய்ந்தவர் கால்டுவெல் ஐயர். 1838இல் சென்னைக்கு வந்து, 1841இல் நெல்லைச் சீமையின் இடையன்குடியில் குடியேறி, 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். திராவிட மொழிகளில் பெயரடை என்று நாம் கருதுவன பெரும்பாலும் பண்பையோ உறவையோ குறிக்கும் பெயர்களே, வேறொரு பெயருக்கு முன் நிற்பதனாலேயே அடையாகின்றன என்று அவர் கண்டார். பெயர் ஒன்று இட விகுதி பெற்று வினைபோல் நடக்கும் இயல்பும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. தாராவியில் வாழும் நெல்லையார் பலர்க்கு இடையன்குடி அறியாத ஊரன்று. நம் பாட்டன்மார் உழுத தேரிக்காட்டின் நடுவே அமர்ந்து, அவர்கள் பேசிய மொழியின் வினையை அவர் எடைபோட்டுக்கொண்டிருந்தார் என்பது நினைத்து மகிழத்தக்கது.

‘ஆகும்’ பெருகிய கதை

இத்துணைச் சிறப்புடைய குறிப்பு வினையின் இன்றைய நிலை என்ன? ‘நல்லேன்’, ‘நல்லை’ என்பன பேச்சில் இல்லை. ‘நல்லவன்’, ‘நல்லவர்’, ‘நல்லது’ என்பன அவ்விடத்தை நிரப்புகின்றன. நம் உடன்பிறப்பு மொழிகள் வெவ்வேறு வழியில் சென்றன. தெலுங்கர் இன்றும் ‘நேனு மஞ்சிவாடினி’, ‘நீவு மஞ்சிவாடிவி’ என்று இடந்தோறும் விகுதி மாற்றிப் பேசுகின்றனர். நாம் ஏட்டில் வைத்ததை அவர்கள் நாவில் வைத்திருக்கின்றனர். மலையாளமோ ‘ஆகு’ என்னும் அடியிலிருந்து ‘ஆணு’ என்னும் தளையை ஆக்கிக்கொண்டது. என் கேரள நண்பர் இந்தி வகுப்பில் ஓரிடத்திலும் ‘ஹை’யை மறவாமல் எழுதிய மருமம் இதுவே.

தமிழ் உரைநடையிலும் தளை நுழையாமல் இல்லை. 1715இல் தரங்கம்பாடியில் அச்சான சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு தொடங்கி வளர்ந்த விவிலியத் தமிழில் ‘ஆயிருக்கிறேன்’, ‘ஆயிருக்கிறார்’ என்னும் முடிபுகள் மிகுதி. மூலமொழியில் உள்ள சொல் ஒன்றும் விடுபடலாகாது என்னும் கடமை உணர்ச்சி அதற்குக் காரணமாகலாம். பின்னர் வந்த பாடநூல்களும் அரசு அறிவிப்புகளும் ‘ஆகும்’, ‘ஆவார்’ என்பவற்றைக் கையாண்டன. ‘சென்னை தமிழ்நாட்டின் தலைநகரம்’ என்றால் கருத்து முடிந்தது. நாமோ ‘தலைநகரம் ஆகும்’ என்று எழுதினாலன்றி அமைதி கொள்வதில்லை. கோப்புகளை நாள்தோறும் பெயர்க்கும் தொழிலில் உள்ளவன் என்னும் முறையில் இக்குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டென்று ஒப்புகின்றேன்.

எனினும் ஒரு பக்கமே நின்று பேசுதல் முறையன்று. ‘ஆதல்’ வினை தமிழுக்கு அயலன்று, தொன்மையானது. ‘நன்றாக இருக்கிறது’ என்பதும் கடன்வாங்கிய தொடரன்று. தமிழ் தானே வளர்த்துக்கொண்ட வளம். ‘அவர் நல்லவர்’ என்றால் அஃது அவர் இயல்பு. ‘அவர் நல்லவராக இருக்கிறார்’ என்றால் இப்போதைக்கு அவ்வாறு காண்கின்றார் என்னும் ஒரு நிழல் விழுகின்றது. பெண் கொடுக்கும் இடத்தில் மணமகனைப் பற்றி இவ்விரண்டாம் தொடரைக் கூறினால் பெண்ணின் தாய் உடனே முகம் சுளிப்பார்! ஸ்பானிய மொழியார் இவ்வேறுபாட்டுக்காகவே ‘செர்’, ‘எஸ்தார்’ என இரு வினைகளை வைத்திருக்கின்றனர். நிலைத்த இயல்புக்கு முன்னது. அப்போதைய நிலைக்குப் பின்னது. ஆங்கிலத்து ‘இஸ்’ இவ்விரண்டையும் ஒரே சாக்கில் கட்டுகின்றது. அதைப் பார்த்து எல்லாவிடத்தும் ‘இருக்கிறார்’ என்று நாம் எழுதத் தொடங்கினால் நம்மிடம் உள்ள இரண்டில் ஒன்றை இழப்போம். என் அச்சம் அதுவே.

இவ்வேறுபாடு வாழ்க்கைக்கும் வேண்டுவது. எங்கள் அலுவலகத்தில் ஆண்டுதோறும் ஒவ்வொருவர் பணியைப் பற்றியும் மேலதிகாரி மதிப்பீட்டு அறிக்கை எழுதுவார். ‘இவர் காலந்தவறாதவர்’, ‘இவர் மந்தமானவர்’ என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வரி. அதிலுள்ள ‘இஸ்’ கல்வெட்டைப்போல் நிற்கும். அறிக்கை ஓர் ஆண்டுக்குரியது. அவ்வரியோ அம்மனிதனின் பிறவிக் குணம்போல் கோப்பில் உறைந்துவிடும். நம் உரையாசிரியராயின் உடனே கேட்டிருப்பார்: பண்டா, இப்பொழுதா? ஒருவனைப் பற்றிப் பண்பு கூறுமுன் அக்கேள்வியை நாம் கேட்டுக்கொண்டால், இந்நகரில் எத்தனையோ மனிதர்களும், எத்தனையோ பேட்டைகளும், ஒருமுறை ஒட்டப்பட்ட ஒரு சொல்லைச் சுமந்துகொண்டு வாழ்நாள் முழுதும் நடக்க வேண்டியிராது. தாராவி என்றவுடன் அயலார் கூறும் ஒற்றைச் சொல்லை நாம் அறிவோம். அங்கே தோல் பதனிட்டும், பானை வனைந்தும், பலகாரம் செய்து விற்றும் பிள்ளைகளைப் படிக்கவைத்த மூன்று தலைமுறை அச்சொல்லுக்குள் அடங்குமோ?

நிறைவாக

மும்பையில் மாநகராட்சி நடத்தும் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. சங்கங்களும் தமிழ் வகுப்புகள் நடத்துகின்றன. ஆங்கிலத்தையும் மராத்தியையும் இந்தியையும் நாள் முழுதும் பேசிவிட்டு வரும் பிள்ளைகள் அங்கே தமிழ் எழுதும்போது வாக்கியத்தின் இறுதியில் தயங்கி நிற்பதைக் கண்டிருக்கின்றேன். என் மகளும் அவ்வாறு ஒருநாள் கேட்டாள்: ‘அப்பா, இஸ்ஸுக்குத் தமிழில் என்ன?’

இந்தி வகுப்பில் நான் சொல்லத் தவறிய விடையை அவளுக்குச் சொன்னேன். ‘இங்கே பண்பே வினை, அம்மா. இது நல்லது என்று எழுதி முற்றுப்புள்ளி வை.’ அவள் நம்பாமல் பார்த்தாள், பின் எழுதினாள். ஒரு சொல் குறைந்ததில் அவளுக்கு மகிழ்ச்சி.

என் தந்தையார் பணி ஓய்வு பெற்றபின் ஊருக்கே திரும்பிவிட்டார். அகவை எண்பதை நெருங்குகின்றது. ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுவோம். ‘எப்படி இருக்கிறீர்கள், அப்பா?’ என்பேன். ‘நலம்’ என்பார். ‘நலமாக இருக்கிறேன்’ என்று அவர் சொல்வதில்லை. ஒரே சொல். அச்சொல்லில் காலம் இல்லை. இரவு உறங்கினாரா, மூட்டுவலி தணிந்ததா, சொல்லாமல் மறைக்கின்றாரா என்பதையெல்லாம் குரலிலிருந்து நானே கண்டுகொள்ள வேண்டும். என் பாட்டியார் அடுப்பங்கரை ஓரத்தில் அமர்ந்து செய்ததை இப்போது நான் சுனாபட்டியில் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு செய்கின்றேன்.

அன்று என் குறிப்பேட்டில் இட்ட எட்டு வட்டங்களுக்காக அந்த இந்தி ஆசிரியர்க்கு நான் நன்றிக்கடன் பட்டவன். அவர் கேட்டிராவிடில், என் மொழி எனக்குத் தந்திருந்த செல்வத்தை நான் எண்ணிப் பார்த்திருக்க மாட்டேன்.